ஐஎன்டிஜே பெண்கள் ஏன் இவ்வளவு அபூர்வம்?

ஆளுமைச் சோதனை எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த நாலெழுத்துச் சமாச்சாரம் தெரிந்திருக்கும். மையர்ஸ்-பிரிக்ஸ் முறை மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பதினாறில் பெண்களிடம் மிக அரிதாகக் காணப்படுவது ஐஎன்டிஜே என்ற வகை. 1998இல் வெளியான மையர்ஸ்-பிரிக்ஸ் கையேட்டின் அமெரிக்க மாதிரிக் கணக்கைப் பார்த்தால், நூறு பெண்களுக்கு ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை. ஆண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல்.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு இணையத்தில் ஏகப்பட்ட கதை ஓடுகிறது. நீங்கள் நூற்றில் ஒருவர், உங்களை யாருக்கும் புரியாது, நீங்கள் பிறவியிலேயே வேறு மாதிரி என்று ஒரு பக்கம் பெருமை. தோழிகள் இல்லை, மாமியாருக்குப் பிடிக்கவில்லை, அலுவலகத்தில் எல்லாரும் பயப்படுகிறார்கள் என்று இன்னொரு பக்கம் புலம்பல். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த அபூர்வத்தில் பாதிதான் சுபாவம். மீதிப் பாதி கேள்வித்தாளும் சுற்றியிருப்பவர்களும் சேர்ந்து செய்த வேலை என்பது என் எண்ணம்.

முதலில் எழுத்துகள். ஐ என்பது உள்முகம். இது கூச்சம் அல்ல. மேடையில் ஒரு மணி நேரம் அசத்தலாகப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் கிடந்தால்தான் தெம்பு திரும்பும் என்பவரும் உள்முகர்தான். என் என்பது உள்ளுணர்வு. இதுவும் குறி சொல்லும் வித்தை அல்ல. கண்முன் இருக்கும் விவரத்தைவிட, இந்த விவரங்களெல்லாம் எங்கே போய் முடியும், பின்னால் என்ன ஒழுங்கு இருக்கிறது என்பதற்கு மனம் முதலில் தாவுவது. டி என்பது சிந்தனை: முடிவெடுக்கும்போது யாருக்கு மனம் நோகும் என்பதற்கு முன் எது சரியாக வரும் என்று பார்ப்பது. ஜே என்பது தீர்மானம்: விஷயத்தைத் தொங்கலில் விடப் பிடிக்காமல், முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் குணம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிர்ப்பக்கம் உண்டு: உள்முகத்துக்கு வெளிமுகம் (இ), உள்ளுணர்வுக்குக் கண்முன் இருக்கும் விவரத்தைப் பிடிக்கும் புலனறிவு (எஸ்), சிந்தனைக்கு உணர்வு (எஃப்), தீர்மானத்துக்கு எதையும் திறந்தே வைக்கும் குணம் (பி).

இதற்கெல்லாம் மூலம் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் ஜெர்மன் மொழியில் எழுதிய உளவியல் வகைகள் பற்றிய நூல். சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்று நான்கு மனச் செயல்கள். ஒவ்வொன்றும் உள்ளே திரும்பியிருக்கலாம், வெளியே திரும்பியிருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அதில் உள்ளுணர்வு வகை என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த பெருமை தன்னுடையது அல்ல, மரியா மோல்ட்சருடையது என்று அதே நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் யுங் ஒப்புக்கொள்கிறார். மோல்ட்சர் நெதர்லாந்துப் பெண். போல்ஸ் என்ற பெரிய மதுபானக் குடும்பத்தின் மகள். அதை விட்டுவிட்டுத் தாதியாகி, சூரிச்சில் யுங்கோடு வேலை செய்து, பிறகு தானே உளப்பகுப்பாய்வாளராக ஆனவர். யுங்கின் பெயர் உலகத்துக்கே தெரியும். மோல்ட்சர் அடிக்குறிப்போடு நின்றுவிட்டார்.

அமெரிக்காவில் இதைக் கேள்வித்தாளாக ஆக்கியதும் பெண்கள்தான். கேத்தரின் குக் பிரிக்ஸ் (1875–1968) தன் மகள் இசபெல் கட்டிக்கொள்ளப்போகும் மாப்பிள்ளை, தங்கள் வீட்டு மனிதர்களைப் போல் துளிகூட இல்லையே என்ற வியப்பில் மனிதர்களை வகை பிரிக்க ஆரம்பித்தவர். 1923இல் யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார். மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் (1897–1980) படித்தது அரசியல் விஞ்ஞானம். இடையில் ஒரு துப்பறியும் நாவல் எழுதிப் போட்டியில் பரிசுகூட வாங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, அதுவரை தொழிற்சாலைப் பக்கமே வராத பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்ல ஒரு கருவி வேண்டும் என்று இசபெல் உட்கார்ந்தார். சோதனைத்தாள் எப்படித் தயாரிப்பது என்பதை, பிலடெல்பியாவில் ஒரு வங்கியின் பணியாளர் பிரிவில் இருந்த எட்வர்ட் ஹே என்பவரிடம் கற்றுக்கொண்டார்.

தாய், மகள் இருவருக்கும் உளவியலில் பட்டம் கிடையாது. 1962இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற தேர்வு நிறுவனம் இந்தச் சோதனையை ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டது. அங்கிருந்த நிபுணர்கள் சிலர் முதுகுக்குப் பின்னால் இசபெலை டென்னிஸ் ஷூ போட்ட கிழவி என்று கேலி பேசினார்கள். அவருடைய புள்ளிவிவரத்தில் அவர்கள் கண்ட ஓட்டைகள் நிஜமானவை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் கேலி புள்ளிவிவரத்தைப் பற்றியது அல்ல. பட்டம் இல்லாத ஒரு வயதான பெண், தன் கருத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்கிறாளே என்ற எரிச்சல் அது.

கேத்தரின் தன்னை ஐஎன்எஃப்ஜே என்றும், இசபெல் தன்னை ஐஎன்எஃப்பி என்றும் வகைப்படுத்திக்கொண்டார்கள். அதாவது இந்தச் சோதனையை உருவாக்கிய இருவரும் உள்முகமும் உள்ளுணர்வும் கொண்ட பெண்கள். இந்த வகையினரைப் பற்றிய வர்ணனைகள் மட்டும் கூடுதல் பரிவோடும் பளபளப்போடும் இருப்பது எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. புலனறிவுக்காரர்களுக்குப் பொறுப்பானவர், நடைமுறை தெரிந்தவர் என்று ஒரு சான்றிதழ். உள்ளுணர்வுக்காரர்களுக்கோ தொலைநோக்கு, ஆழம், தீர்க்கதரிசனம்!

சரி, அபூர்வத்தின் கணக்குக்கு வருவோம். 1998 கையேட்டின் மாதிரி சுமார் 3,000 அமெரிக்கர்களைக் கொண்டது. அதில் முக்கால்வாசிப் பேர் புலனறிவுப் பக்கம், கால்வாசிதான் உள்ளுணர்வுப் பக்கம். பெண்களை மட்டும் எடுத்தால், 75.5 சதவீதம் உணர்வு, 24.5 சதவீதம் சிந்தனை. உள்முகமும் தீர்மானமும் ஏறக்குறைய ஆளுக்குப் பாதி. இப்போது பெருக்கிப் பாருங்கள்: கால் பங்கில் கால் பங்கு பதினாறில் ஒன்று, அதில் பாதி, மறுபடி பாதி என்றால் 64இல் ஒன்று. அதாவது நூற்றுக்கு ஒன்றரைப் பேர் சொச்சம். உள்ளுணர்வுக்காரர்கள் பொதுவாகத் தீர்மானத்தைவிட எதையும் திறந்தே வைக்கும் பக்கம் சாய்வதால், எண் இன்னும் இறங்கி ஒன்றுக்குக் கீழே போய்விடுகிறது. நாலு நிபந்தனையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எந்தக் கூட்டமும் சிறுத்துத்தான் போகும்.

இந்த நாலில் ஆண், பெண் வித்தியாசம் பெரிதாகத் தெரிவது ஒன்றில்தான்: சிந்தனையா, உணர்வா. ஆண்களில் 56.5 சதவீதம் சிந்தனைப் பக்கம். பெண்களில் அதில் பாதிகூட இல்லை. எனவே ஐஎன்டிஜே பெண் ஏன் அபூர்வம் என்ற கேள்வியைப் பிடித்து இழுத்தால், டி என்ற ஒற்றை எழுத்தில் வந்து நிற்கிறது. அந்த எழுத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

பழைய வினாத்தாள்களில் இருந்த கேள்விகள் சில: எப்போதும் அன்பாக இருக்கும் மேலதிகாரியின் கீழ் வேலை செய்வீர்களா, எப்போதும் நியாயமாக நடப்பவரின் கீழா? ஒருவரை உண்மையான உணர்வுள்ளவர் என்பது பெரிய பாராட்டா, எப்போதும் நியாயமாக யோசிப்பவர் என்பது பெரிய பாராட்டா? அப்புறம் சொல் ஜோடிகள், எது உங்களைக் கவர்கிறது என்று: இரக்கமா, தொலைநோக்கா? மென்மையா, உறுதியா? நீதியா, கருணையா?

இந்தக் கேள்விகளுக்கு ஒரு பெண் பதில் சொல்லும்போது, தன் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டுமா சொல்கிறாள்? ஐந்து வயதிலிருந்து எதற்குத் தட்டிக்கொடுத்தார்கள், எதற்கு முறைத்தார்கள் என்பதும் அந்தப் பதிலில் இருக்கிறது. மென்மை என்ற கட்டத்தில் டிக் அடிப்பது அவளுக்குச் சுலபம். உறுதி என்ற கட்டத்தில் அடிக்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இது சோதனையை நடத்தியவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. பழைய படிவங்களில் சிந்தனை-உணர்வு அளவுகோலுக்கு மட்டும் ஆண்களுக்கு ஒரு மதிப்பெண் முறை, பெண்களுக்கு வேறொரு மதிப்பெண் முறை வைத்திருந்தார்கள். ஒரே பதிலைப் பெண் சொன்னால் அதன் எடை வேறு! 1998 படிவத்தில்தான் அதை எடுத்தார்கள்.

யுங் காலத்திலேயே இந்த முத்திரை விழுந்துவிட்டது. வெளிமுகச் சிந்தனை வகையைத் தான் பெரும்பாலும் ஆண்களிடமும், உணர்வு வகைகளைப் பெரும்பாலும் பெண்களிடமும் கண்டதாக அவர் எழுதினார். 1921இல் சூரிச்சில் அவரிடம் சிகிச்சைக்கு வந்த வசதியான வீட்டுப் பெண்களைப் பார்த்து ஒரு மருத்துவர் எழுதிய கவனிப்பு, நூறு வருடம் கழித்துக் கைபேசியில் வரும் சோதனைவரை நீண்டிருக்கிறது.

இந்தப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று வகைக்காரர்கள் சொல்வதையும் பார்த்துவிடுவோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மையர்ஸ் முறையில் ஜே என்ற எழுத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: நாலு செயல்களில் எது வெளி உலகத்துக்கு முகம் காட்டுகிறது என்பதைச் சொல்வது. ஐஎன்டிஜேவுக்கு முதல் செயலான உள்ளுணர்வு உள்ளே இருக்கிறது. வெளியே தெரிவது இரண்டாவது செயலான சிந்தனை. ஐஎன்எஃப்ஜேவுக்கும் உள்ளே அதே உள்ளுணர்வுதான். வெளியே தெரிவது மட்டும் உணர்வு.

நடைமுறையில் இதன் விளைவு பெரியது. இரண்டு பெண்கள், உள்ளே ஒரே மாதிரி ஓடும் மனம். இருவரும் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து, யாரும் கவனிக்காத ஒரு சிக்கலை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். ஒருத்தி அதைச் சொல்லும்போது, உங்களுக்கு இது கஷ்டமாக இருக்குமோ என்று பார்த்தேன் என்று ஆரம்பிக்கிறாள். இன்னொருத்தி, இது ஓடாது, காரணம் மூன்று என்று ஆரம்பிக்கிறாள். முதல் பெண்ணுக்கு அமைதியான, ஆழமான பெண் என்று பெயர். இரண்டாம் பெண்ணுக்குத் திமிர் பிடித்தவள், அழுத்தக்காரி என்று பெயர். இரண்டாமவளின் யோசனைக்குப் பின்னால் எத்தனை நாள் தனிமையில் ஊறிய கற்பனை இருக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை. வெளியே தெரிவது அந்த மூன்று காரணம்தான்.

இந்த வகைப் பெண்களிடம் அடிக்கடி சொல்லப்படும் குணங்களில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, திறமைக்குக் கொடுக்கும் மரியாதை. வயது, பதவி, உறவுமுறை என்பதற்காக மட்டும் ஒருவர் பேச்சை ஏற்பது இவர்களுக்குக் கஷ்டம். விஷயம் தெரிந்தவர் பதினெட்டு வயதுப் பையனாக இருந்தாலும் உட்கார்ந்து கேட்பார்கள். தெரியாதவர் பெரியப்பாவாக இருந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுமென்றே அவமதிப்பது அல்ல இது. ஆனால் மரியாதை என்பது வயதோடு சேர்ந்து வரும் இடங்களில், இதைவிடப் பெரிய குற்றம் வேறு இல்லை.

அரட்டை இவர்களுக்கு ஒத்துவராது என்பார்கள். அது அரைகுறை உண்மை. பிடித்த விஷயமாக இருந்தால் விடிய விடியப் பேசுவார்கள். எடுத்துக்கொண்ட விஷயத்தை வேர்வரை தோண்டாமல் விடமாட்டார்கள். கல்யாண வீட்டில் ஒரே கேள்விக்கு நாற்பது பேரிடம் ஒரே பதிலைச் சொல்வதுதான் முடியாது. நட்பு குறைவு, ஆனால் நீளம். ஆறுதல் சொல்லத் தெரியாது என்ற குறையும் உண்டு: அழுதுகொண்டு வரும் தோழியிடம் தீர்வை நீட்டுவார்கள். தோழிக்கு அப்போது தீர்வு வேண்டியிருக்காது. இவர்களுக்கோ, ராத்திரி முழுவதும் யோசித்துக் கண்டுபிடித்த அந்தத் தீர்வுதான் அன்பு.

உணர்வு இல்லாதவர்கள் என்ற பேச்சு தவறு. வகைக் கோட்பாட்டின்படியே ஐஎன்டிஜேவின் உணர்வுச் செயல் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. காட்சிக்கு வராது, ஆனால் பிடிவாதமானது. தன் மனசாட்சிக்கு ஒவ்வாத ஒன்றை எத்தனை பேர் சேர்ந்து வற்புறுத்தினாலும் செய்யமாட்டார்கள், ஏன் என்று விளக்கவும் மாட்டார்கள்.

பலவீனமான இடம் உடம்பும் புலன்களும். யுங்கின் கணக்கில் உள்முக உள்ளுணர்வு வகைக்குக் கடைசியில் வருவது புலனறிவு. 1957இல் ஒரு பேட்டியில் அவர் சொன்ன நோயாளி ஒருவரின் கதை இங்கே பொருத்தம். 28 வயதுப் பெண். தன் வயிற்றில் ஒரு கருப்புப் பாம்பு இருப்பதாகவும், பத்து முறை வந்தால் சரியாகிவிடும் என்றும் முதல் நாளே அவரிடம் சொன்னாராம். மனதுக்குள் நடப்பது அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. தெருவில் நடக்கும்போது தன் காலடிச் சத்தமே தனக்குக் கேட்பதில்லை என்றும் அதே பெண்தான் சொன்னார். யுங் சொன்னது உச்சகட்ட உதாரணம், நோய். ஆனால் அதன் சின்ன வடிவங்கள் வகைக்காரர்களுக்குப் பழக்கம். நவோமி குவெங்க் என்ற உளவியலாளர், மன அழுத்தம் மிஞ்சும்போது ஒவ்வொரு வகையும் எப்படித் தலைகீழாகும் என்று எழுதியிருக்கிறார். உள்முக உள்ளுணர்வுக்காரர்கள் அந்த நேரத்தில் சின்னச் சின்ன விவரங்களில் வெறித்தனமாக இறங்குவார்கள், அல்லது சாப்பாடு போன்ற புலன் இன்பத்தில் அளவு மீறுவார்கள் என்பது அவர் கவனிப்பு. மாதக்கணக்கில் திட்டம் போடும் பெண் ஒருநாள் நள்ளிரவில் சமையலறை அலமாரி முழுவதையும் இறக்கிவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தால், வீட்டில் இருப்பவர்கள் அதைச் சுத்த வெறி என்று நினைப்பார்கள். வேலையில் ஏதோ கைமீறிப் போயிருக்கிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

இப்போது மற்ற பாதி, சுற்றியிருப்பவர்கள் செய்யும் வேலை. இதற்கு ஆளுமை நூல்களைவிட ஒரு நீதிமன்ற வழக்கு நன்றாக விளக்கம் சொல்கிறது. ஆன் ஹாப்கின்ஸ் என்பவர் அமெரிக்காவில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்கியல் நிறுவனத்தில் வேலை செய்தார். அமெரிக்க வெளியுறவுத் துறையிடமிருந்து சுமார் 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றை நிறுவனத்துக்கு வாங்கிக்கொடுப்பதில் முக்கியப் பங்கு வகித்தவர். 1982இல் பங்குதாரர் ஆவதற்குப் பரிந்துரைக்கப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். முடிவு தள்ளிவைக்கப்பட்டது. மதிப்பீட்டில் பங்குதாரர்கள் எழுதியவை: ஆண்தனமாக இருக்கிறார், நாகரிகம் சொல்லித்தரும் பள்ளிக்கு அனுப்பவேண்டும். இன்னும் பெண்ணைப் போல் நட, பெண்ணைப் போல் பேசு, பெண்ணைப் போல் உடுத்து, ஒப்பனை செய்துகொள், முடியைச் சீர்செய், நகை போடு என்று அவருக்கு அறிவுரை தரப்பட்டது.

ஹாப்கின்ஸ் வழக்குப் போட்டார். பாலினம் பற்றிய முன்முடிவுகள் மதிப்பீட்டை எப்படி வளைக்கும் என்று உளவியலாளர் சூசன் ஃபிஸ்க் சாட்சி சொன்னார். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது: பெண் இப்படித்தான் நடந்துகொள்ளவேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து ஒருவரின் பதவி உயர்வைத் தீர்மானிப்பதும் பாலினப் பாகுபாடுதான். வழக்கு கீழ்நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனது; ஹாப்கின்ஸ் பங்குதாரர் பதவியை வென்று 1991இல் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அவர் எந்த ஆளுமை வகை என்று நான் சொல்லவில்லை. இறந்தவர்களுக்கும் பிரபலங்களுக்கும் நாலெழுத்து ஒட்டும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அவர்கள் யாரும் அந்தச் சோதனையை எழுதவில்லை. நாம் பார்ப்பது அவர்களின் மேடை முகத்தை. ஹாப்கின்ஸ் வழக்கு இங்கே வருவதற்குக் காரணம் வேறு. ஐஎன்டிஜே பெண்ணின் குறைகள் என்று இணையம் அடுக்கும் பட்டியலை எடுங்கள்: கடுமையானவர், நெருங்க முடியாதவர், கட்டளை போடுபவர், பெண்மை குறைந்தவர். ஹாப்கின்ஸின் மதிப்பீட்டுக் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே பட்டியல். ஒன்று சுபாவத்தின் வர்ணனை என்று போகிறது, இன்னொன்றைப் பாகுபாட்டின் சாட்சியமாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

2014இல் கீரன் ஸ்னைடர் என்ற மொழியியலாளர் தொழில்நுட்ப நிறுவனங்களின் பணி மதிப்பீடுகளைத் திரட்டிப் படித்தார். பேச்சு உறுத்துகிறது, குத்தலாக இருக்கிறது என்ற பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல் பெண்களின் மதிப்பீடுகளில் 17 முறை வந்திருந்தது. ஆண்களின் மதிப்பீடுகளில் ஒருமுறைகூட இல்லை. ஆண்களில் யாரும் உறுத்தலாகப் பேசவே இல்லை என்று நம்ப முடிகிறதா?

இந்த அனுபவம் ஆளையே மாற்றிவிடும். நேரடியாகப் பேசி நாலு முறை அடிபட்ட பெண், ஐந்தாவது முறை சிரித்துக்கொண்டே சுற்றி வளைத்துப் பேசக் கற்றுக்கொள்கிறாள். மின்னஞ்சலில் ஆச்சரியக்குறி போடப் பழகுகிறாள். அவளே சோதனை எழுதினால் இப்போது ஐஎன்எஃப்ஜே என்று வரக்கூடும். இன்னொருத்தி வேறு மாதிரி: அடிபட அடிபட இன்னும் இறுகிப்போய், நான் இப்படித்தான் என்று ஐஎன்டிஜே பட்டத்தைக் கவசம் மாதிரி மாட்டிக்கொள்கிறாள். இரண்டு பேரின் மதிப்பெண்ணும் சுபாவத்தை மட்டும் அளக்கவில்லை.

இனி, தள்ளிவைத்த விஷயம்: சோதனையின் ஓட்டைகள். முதலாவது, கோடு போடும் விதம். மனிதர்களின் உயரத்தை அளந்து, ஐந்தடி நாலங்குலத்தில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர்கள் நெட்டை வகை, கீழே இருப்பவர்கள் குட்டை வகை என்று அறிவித்தால் எப்படி இருக்கும்? கோட்டுக்கு அரை அங்குலம் மேலும் கீழும் நிற்கும் இருவர் வேறு வேறு வகை ஆகிவிடுவார்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் மதிப்பெண்களும் உயரம் மாதிரித்தான் நடுவில் குவிகின்றன. சிந்தனைக் கூட்டம் ஒன்று, உணர்வுக் கூட்டம் ஒன்று என்று தனித்தனியாகப் பிரிந்து நிற்பதில்லை. அதனால்தான் ஒருமுறை ஐஎன்டிஜே என்று வந்தவருக்கு அடுத்த மாதம் வேறு வகை வருகிறது. ஐந்தே வாரம் கழித்து மறுபடி எழுதியவர்களில் பாதிப் பேர்வரை வேறு வகைக்குப் போய்விடுவதாக உளவியலாளர் டேவிட் பிட்டங்கர் 1993இல் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்.

இரண்டாவது, வர்ணனை யாருக்கும் பொருந்திவிடும் ஆபத்து. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு தனிப்பட்ட முடிவு என்று சொல்லி எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தார். அதிலிருந்த வாக்கியங்கள் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார், சராசரி 4.26. வெளியே அமைதி, உள்ளே ஆயிரம் யோசனை, சிலரிடம் மட்டுமே மனம் திறப்பவர் என்று எழுதினால், தான் அப்படி இல்லை என்று மறுப்பவர் யார்?

உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இன்று அதிகம் நம்புவது ஐந்து பெருங்குணங்கள் என்ற முறையை. ராபர்ட் மெக்ரேயும் பால் காஸ்டாவும் 1989இல் இரண்டையும் ஒப்பிட்டு, மையர்ஸ்-பிரிக்ஸின் நாலு அளவுகோல்களும் அந்த ஐந்தில் நாலோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் ஐஎன்டிஜே பெண் என்றால் வெளிமுகம் குறைவு, புதிய கருத்துகளுக்குத் திறந்த மனம் அதிகம், இணங்கிப்போகும் குணம் குறைவு, ஒழுங்கும் பொறுப்பும் அதிகம். நாலெழுத்தில் விட்டுப்போன ஐந்தாவது குணம், மனம் எவ்வளவு சுலபமாகக் கலங்கும் என்பது. ஒருவரின் நிம்மதியைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு அதற்குத்தான். ஒரே நாலெழுத்துக் கொண்ட இரண்டு பெண்களில் ஒருத்தி நிம்மதியாகத் தனியே இருப்பதற்கும், இன்னொருத்தி தனிமையில் தன்னையே குடைந்துகொள்வதற்கும் காரணம் அங்கே இருக்கலாம். சோதனை அதைக் கேட்பதே இல்லை.

இதனால் ஒரு நடைமுறைச் சிக்கலும் வருகிறது. கூட்டம் பிடிக்காதது, நேராகப் பேசுவது, பழகிவிட்டு வந்தால் அசந்துபோவது இவையெல்லாம் ஆட்டிசம் நிறமாலையில் உள்ள பெண்களும் சொல்பவை. அவர்களில் பலர் மற்றவர்களைப் பார்த்து நடித்தே சமாளித்து, வயதான பிறகுதான் கண்டறியப்படுகிறார்கள். மனச்சோர்வில் இருப்பவரும் யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார். நான் ஐஎன்டிஜே, அதனால் இப்படி என்று முடித்துக்கொள்வது சிலருக்கு நிம்மதி. சிலருக்கு, தேவையான உதவி தள்ளிப்போகும் வழி. வேலைக்கு ஆள் எடுக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். பயிற்சி வகுப்பில் எழுதிய நாலெழுத்தை வைத்து, இவளுக்கு மக்களோடு பழகும் வேலை வராது என்று முடிவு கட்டும் மேலாளர் அதைப் படித்திருக்கமாட்டார்.

என் வாதத்துக்கே இடைஞ்சலான ஓர் ஆய்வும் உண்டு. பெண் என்றால் மென்மை என்ற வளர்ப்புதான் காரணம் என்றால், கட்டுப்பாடு அதிகமுள்ள சமூகங்களில் ஆண், பெண் ஆளுமை வித்தியாசம் பெரிதாகவும், சமத்துவம் அதிகமுள்ள இடங்களில் சிறிதாகவும் இருக்கவேண்டும் இல்லையா? காஸ்டாவும் மெக்ரேயும் தெரச்சியானோ என்ற இன்னோர் ஆய்வாளரும் 2001இல் 26 பண்பாடுகளின் தரவைப் பார்த்தபோது கிடைத்தது நேர்மாறு. வித்தியாசம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்தான் பெரிது. அதற்கு அவர்கள் முன்வைத்த விளக்கம் ஒன்று: மரபான சமூகத்தில் ஒரு பெண் விட்டுக்கொடுத்துப் போனால், அது தன் குணம் என்று அவள் நினைப்பதில்லை, மருமகளின் கடமை என்று நினைக்கிறாள், அதனால் கேள்வித்தாளில் அது குணமாகப் பதிவாவதில்லை. அமெரிக்கப் பெண் அதே செயலைத் தன் இயல்பு என்று எழுதிவிடுகிறாள். இன்னொன்று, தன்னை மதிப்பிடும்போது ஒரு பெண் யாரோடு ஒப்பிடுகிறாள் என்பது: அக்கம்பக்கத்துப் பெண்களோடா, உடன் வேலை செய்யும் ஆண்களோடா?

இது சரியென்றால், 1998இல் அமெரிக்காவில் எடுத்த, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற அந்த எண் அந்த ஊருக்கும் அந்தக் கேள்விகளுக்கும் மட்டுமே உரியது. கடமை எது, குணம் எது என்று வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கும் மதுரைப் பெண்களிடமோ யாழ்ப்பாணப் பெண்களிடமோ அதே கேள்விகளைக் கேட்டால், எண் கூடலாம், குறையலாம். அதைத் தமிழில் கேட்டு எண்ணிப் பார்க்காமல் நூற்றில் ஒருத்தி என்று இங்கே யாரும் பட்டம் கட்டிக்கொள்ள முடியாது.